அண்ணாவின் வயிற்றில் ஒரு செம்புத் தண்ணீர்

எங்கள் அண்ணா மறைந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் தந்தனர். மற்ற வேலைகளுக்கு நான் உதவமாட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வடமராட்சியில் பிறந்து, எங்கள் ஐயாவுக்குக் கிடைத்த குடியேற்றக் காணியோடு தர்மபுரத்துக்கு வந்தவர் அண்ணா. நெல் விதைத்தார். மிச்ச நேரத்தில் தமது பழைய காரில் நோயாளரை ஏற்றினார். பெற்றோல் கிடைக்காத போர்க்காலம்; அது மண்ணெண்ணெயில் ஓடிய கார். புகையைக் கண்டதுமே ஊர், "ஆருக்கோ சுகமில்லை" என்று சொல்லும்.

என் மனைவிக்குத் தலைப்பிரசவம் நெருங்கிய நேரம் பார்த்து, முன்சில்லுகளின் புஷ்கள் தேய்ந்துபோயின. சில்லைத் தாங்கும் இரும்புக்கும் காரின் உடம்புக்கும் இடையில் மெத்தைபோல இருக்கும் சிறு வளையங்கள் அவை. அவை தேய்ந்தால் குழியில் விழுவது சில்லல்ல, நமது முள்ளந்தண்டு. புதிய றப்பர் எங்கும் கிடைக்கவில்லை. கையிலிருந்தவை, உடைந்த காரொன்றில் கழற்றிய பாதி தேய்ந்த றப்பரும், லண்டன் மச்சான் எப்படியோ சேர்ப்பித்த பொலியூரித்தேன் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் செய்த மஞ்சள் நிறப் புஷ்களும்தான்.

"மஞ்சளைப் போடுங்கோ அண்ணா. பத்து வருசம் கிடக்கும்," என்றேன். பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்த அறிவு.

"கார் பத்து வருசம் கிடக்கட்டும். அந்தப் பிள்ளை வயித்தோட ஆஸ்பத்திரிக்குப் பத்துக் கட்டை தாங்குமோ?"

அண்ணா வாதாடுபவரல்லர். மஞ்சளைப் பூட்டினார். பின்சீற்றில் படுத்து, தண்ணீர் நிறைந்த செம்பொன்றை வயிற்றில் வைத்துக்கொண்டு, "காரை ஓடு" என்றார். வாய்க்கால் தாண்டுவதற்குள் அவரது இடுப்புச் சாரம் நனைந்தது. மஞ்சளைக் கழற்றி றப்பரைப் பூட்டியபின் மறுபடி ஓட்டினேன். செம்பில் பாதி மிஞ்சியது. அண்ணா நித்திரையாகியிருந்தார்.

"இந்தத் தேய்ஞ்ச றப்பர் வழியில கைவிட்டுட்டா?" என்று எழுப்பிக் கேட்டேன்.

"விட்டா நீ இறங்கு. பாரம் குறையும்."

மனைவிக்கு நோவு கண்ட காலையில், அண்ணா ஓட்ட, றப்பரோடு புறப்பட்டோம். ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு கட்டை, அதாவது ஒரு மைல், இருக்க, இடப்பக்க றப்பர் "டொக்" என்று விட்டுப்போனது.

"இறங்கடா."

கார் நடைவேகத்தில் ஊர்ந்தது. யன்னலுக்குள் கைவிட்டு, மனைவியின் விரல்களைப் பிடித்தபடி நான் பக்கத்தில் நடந்தேன். வயலெல்லாம் பனி. அதற்குள் கொக்குகள் பாதி தெரிந்தன, பாதி தெரியவில்லை. கார் மிதக்கிறதா, நான் மிதக்கிறேனா என்று விளங்கவில்லை. இரு நோவுகளுக்கு நடுவே கண்ணயர்ந்தவள் அண்ணாவிடம் மெல்லக் கேட்டாள்:

"பெரியத்தான், கார் நிண்டிட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை, ஓடுது. நீங்கள் கண்ணை மூடுங்கோ."

மதியத்துக்கு முன் மகள் பிறந்தாள். நாங்கள் இருவரும் வீடு திரும்புவதற்கு, கையோடு கொண்டுவந்த மஞ்சளை அண்ணா பூட்டினார். "உன்ர எலும்புக்கு இதுவே காணும்," என்றார். மனைவியையும் மகளையும் கூட்டிவரப் போகுமுன், வேறெங்கோ தேடியெடுத்த றப்பரை மீண்டும் பூட்டிவிட்டார்.

சென்ற ஆண்டு அண்ணா நெஞ்சுநோவோடு சாய்ந்த நாளில் அவரது கார் ஓடும் நிலையில் இல்லை. அயலவரின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிச் சென்றோம். அன்று வைக்கோல் பரப்பித் தந்தவர்களுக்கும், வெயிலுக்குக் குடை பிடித்தவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் துணையிருந்தவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. குழிக்குக் குழி இறங்கிப் பார்த்து ஓட்டிய அந்த அயலவருக்குத் தனி நன்றி. வழியில் அண்ணா ஒருமுறை கண்திறந்து என்னிடம், "ஆள் நல்லா ஓடுறார்" என்றார்.

என்னை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.