அம்மன் விழுங்கிய மாத்திரை

மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்த புதிதில் எனக்கு ரொம்ப வினோதமாகப் பட்டது இங்கே துணி காயப்போடுகிற விதம். எங்கள் கோவில்பட்டியில் சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு முனை காய்ந்திருக்கும். இங்கே பனிமூட்டம் விட்டால் சாரல், சாரல் விட்டால் பனிமூட்டம். அதனால் விறகடுப்புக்கு மேலே கம்பி கட்டி அதில் தொங்கவிடுகிறார்கள். கல்யாணப் பட்டானாலும் கந்தலானாலும் எல்லாவற்றிலும் ஒரே புகை வாசம். குளிருக்கு அடக்கமான இடம் அடுப்படி ஒன்றுதான் என்பதால் வருகிறவர்களும் நேரே அங்கேதான் வந்து உட்காருவார்கள். தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு லயன் என்று பெயர். எங்கள் லயனில் யார் வீட்டு ரவிக்கையில் எத்தனை கிழிசல் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வியாதியை மறைத்து வைக்கப் பார்த்தோம் என்றால் எங்கள் துணிச்சலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் எழுபதுகளின் கடைசியில் முனியாண்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவர் தோட்டத்தில் உரம் போடும் ஆள். நான் கொழுந்து பறிப்பவள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்னை ‘ஊர்க்காரி’ என்பார்கள். ஏளனம் என்று சொல்ல முடியாது, ஆனால் பந்தியில் கடைசியாக இலை போடுகிற மாதிரி ஒரு தொனி. நான் பேசுகிற பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘லா’ போட்டு முடிப்பதைக் கேட்டு நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் நாங்கள் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருமல் வந்தது. குளிர் இருமல் என்று இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தேன். சட்டை தொளதொளத்தது. ஒருநாள் சளியில் ரத்தம் கண்டதும் பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றிக்கொண்டு வந்த லோரியை மறித்து, முன்சீட்டில் என்னை ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் என் வீட்டுக்காரர். படம் எடுத்துப் பார்த்தார்கள். டிபி என்றார்கள்.

எனக்கு உடனே என் மாமாவின் முகம்தான் வந்தது. என் அம்மாவின் தம்பி. பஞ்சுப் பேட்டையில் மூட்டை தூக்கியவர். அவருக்கும் இதுதான். ஊசியும் மாத்திரையுமாகக் கொஞ்ச காலத்தில் கன்னம் உப்பி, மீசை முறுக்கி, மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ‘எனக்கு என்ன கொறச்சல்? தின்னு செரிச்சுட்டுத்தான இருக்கேன்’ என்று மருந்தை விட்டுவிட்டார். நோய் திரும்பி வந்தபோது பழைய மருந்துக்கு அது மசியவில்லை. அவருடைய பிள்ளைகளைத் தெருமுனையில் நிறுத்தி, தூரத்திலிருந்தே அவரைப் பார்க்க வைத்து, அப்படியே திருப்பி அழைத்துப் போனார்கள். அன்று நான் சின்னப் பெண். அந்தப் பிள்ளைகள் கையசைத்தது இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

எனக்கும் மூன்று வயதில் ஒரு மகள், செல்வி. நான் வார்டில் கிடந்த வாரங்களில் அவளை என் மாமியார் பாப்பாத்தி வைத்திருந்தார். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் சீக்கிரமே பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சலாம் என்றும், நடுவில் விட்டால் எல்லாம் முதலிலிருந்து என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு மலாய் மிஸி வந்தாள். நர்ஸை இங்கே மிஸி என்பார்கள். அதுவரை எனக்குத் தராத ஒரு சிவப்பு கேப்சூலைக் காட்டி என்னவோ சொன்னாள். பிறகு என் சேலையின் சிவப்புக் கரையைக் கட்டைவிரலால் காட்டி, மறுபடி கேப்சூலைக் காட்டி, ‘மேரா, மேரா’ என்றாள். மலாய்க்காரர்கள் ஆட்காட்டி விரலால் சுட்டுவது மரியாதை இல்லை என்று கட்டைவிரலால்தான் காட்டுவார்கள். எங்கள் பக்கம் கட்டைவிரலை ஆட்டினால் ‘உனக்கு ஒன்றும் கிடையாது போ’ என்று அர்த்தம். போகிற நேரத்தில் இவள் ஏன் வம்புக்கு இழுக்கிறாள் என்று முதலில் முறைத்தேன். அப்புறம் என் சேலையைத்தான் மெச்சுகிறாள் என்று தோன்றியதும் குளிர்ந்துபோய், எனக்குத் தெரிந்த ஒரே மலாய் வார்த்தையான ‘போலே, போலே’யைச் சொல்லிக் கும்பிட்டேன். சரி சரி என்று அர்த்தம். மறுநாள் காலை கக்கூசில் செக்கச்செவேல் என்று போனது. செத்தேன் என்று அலறிக்கொண்டு ஓடினேன்.

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்பவரை டிரெஸ்ஸர் என்போம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “அது மருந்தோட சாயம்லா. செவப்பாப் போனா மருந்து ஒழுங்கா உள்ள போயிருக்குன்னு அர்த்தம். பயந்துக்கிட்டு நிப்பாட்டிடாத” என்றார். ‘மேரா’ என்றால் சிவப்பு என்பதும், மிஸி எதை எச்சரித்தாள் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அன்றிலிருந்து தினமும் விடியலில், கங்காணி ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு முன்னால், மருந்தகத்தில் அவர் கண்ணெதிரே வெறும் வயிற்றில் முழுங்கிவிட்டுத்தான் கூடையை முதுகில் மாட்டுவேன். வாயைத் திறந்து காட்டச் சொல்வார், நாக்கைத் தூக்கச் சொல்வார். “சாமி, தொண்டைக்குள்ள எறங்கி வேணா பாத்துக்கங்க” என்பேன். மாத்திரை எதற்கு என்று கேட்டவர்களுக்கு ‘சத்து மாத்திரை’ என்று சொல்லச் சொல்லியிருந்தார் மாமியார். டிபி என்று தெரிந்தால் லயனில் ஒரு டம்ளர் தண்ணீர் தர மாட்டார்கள் என்பது அவர் பயம். எனக்குப் பசி எடுத்தது, சதை பிடித்தது, மலை ஏறினால் மூச்சு என் பேச்சைக் கேட்டது. கொழுந்து பறித்துக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டேன். செல்வி மட்டும் பாட்டியை ஒட்டிக்கொண்டு, என்னை விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழா வந்தது. மருந்தகத்துக்கும் விடுமுறை. ஆகவே விடுமுறை நாட்களுக்கான மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்து, “தண்ணி படாம வச்சுக்க, ஒரு நாளும் விடாத, யாருக்கும் பங்கு போடாத” என்று சொல்லிக் கையில் கொடுத்தார் டிரெஸ்ஸர். மருந்து என் கைக்கு முழுசாக வந்தது அப்போதுதான்.

முதல் நாள் சாயந்திரம் கரகம் இறங்கியது. தப்பு காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து செல்வி ஓடி வந்தாள். பாட்டியிடம் ஓடுவாள் என்று நினைத்தேன். என் மேல் வந்து விழுந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அம்மா, பயமா இருக்கு” என்றாள். இத்தனை நாள் எங்கே தேங்கி நின்றதோ, கண்ணிலிருந்து கொட்டியது. வெள்ளைத் துண்டால் துடைத்தேன். பக்கத்து வீட்டு லெட்சுமி அந்தத் துண்டைப் பார்த்தாள். குங்குமத்தைக் கரைத்து விட்ட மாதிரி துண்டெல்லாம் செம்மஞ்சள்.

“ஆத்தா!” என்று ஒரே கத்தல். “இங்க பாருங்கடி, கண்ணுலேருந்து குங்குமமா வடியுது!”

குலவை எழுந்தது. எனக்கு ஒன்றும் புரிவதற்குள் என் கழுத்தில் மாலை. நேற்றுவரை ஊர்க்காரி, இன்று என் காலில் விழுகிறார்கள், பிள்ளையைக் கொண்டுவந்து திருநீறு பூசச் சொல்கிறார்கள். கோயில் பந்தியில் முதல் இலை எனக்கு. உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த மலையில் முதல்முறையாக என்னை யாரோ ‘நம்ம பொண்ணு’ என்று சொன்னார்கள். கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. காலையில் கக்கூசில் பார்க்கிற அதே நிறம்தான். ஆனால் குலவை போட்டுக் கும்பிட்டு நிற்கிறவர்களிடம் போய் அதை எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் மாமியார் முகத்தில் அப்படியொரு ஒளி. “ஆத்தாளே ஒம்மேல எறங்கிட்டா. இனிமே மருந்தும் வேணாம், மாத்திரையும் வேணாம். சாமி வந்த வாயில அத வைக்கப்படாது. அவ பாத்துக்குவா” என்றார்.

“அத்தே, ரெண்டும் நடக்கட்டுமே. சாமியும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும்” என்றேன்.

“நீ தின்னு கொழுத்துட்ட. பாத்தாலே தெரியுது, சொகமாயிட்ட” என்றார்.

அது என் மாமாவின் வார்த்தை.

மறுநாள் விடிந்து பார்த்தால் பொட்டலம் வைத்த இடம் காலி. மாமியாரும் இல்லை. “அம்மா அத ஆத்தா காலடியில வைக்கப் போயிருக்கு. அபிசேகத்தோட ஒன் சீக்கு முழுசா எறங்கிடுமாம்” என்றார் என் வீட்டுக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு.

செல்வியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் நீர் அபிஷேகம் முடிந்து, அம்மனின் தலையில் குடம் குடமாகப் பால் இறங்கிக்கொண்டிருந்தது. காலடியில் என் பொட்டலம் நனைந்து தொப்பலாகிப் பிரிந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மன் பாதத்திலிருந்து வழிந்த பால் இளஞ்சிவப்பாகி, பிறகு நல்ல சிவப்பாகி, கோமுகி வழியாக வெளியே ஓடிவந்தது. பூசாரி குடத்தைக் கீழே வைத்துவிட்டார். லெட்சுமி குலவை போட வாயில் கையை வைத்தாள்.

“அய்யோ, அது என் மாத்திரை!” என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் திரும்பினார்கள். இனி மறைத்துப் பயனில்லை. செல்வி என் கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பிடி இல்லாவிட்டால் எனக்குத் தைரியம் வந்திருக்குமா தெரியாது. “எனக்கு டிபி. சத்து மாத்திரை இல்ல, அதுக்குத்தான் தெனம் மருந்து சாப்பிடறேன். அதோட சாயம்தான் கண்ணுல வந்துச்சு. பால்ல ஓடுதே, அதே சாயம். கண்ணுல மட்டுமில்ல, காலையில கக்கூசுலயும் அதே நெறம்தான் போவுது. என்னால யாருக்கும் இப்ப ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா நான் நடுவுல விட்டேன்னா என் புள்ளைய மறுபடி என்கிட்டேருந்து பிரிச்சிடுவாங்க. எனக்குச் சாமியாட்டம் வேணாம், என் மாத்திரை வேணும்.”

முன்னால் நின்ற ஒருத்தி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். நேற்றுத் திருநீறு வாங்கியவள். எல்லார் கண்ணும் மாமியார் மேல். அவர் என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார், சிவந்த பால் ஒழுகும் அம்மனைப் பார்த்தார். பாப்பாத்தி லேசில் தோற்கிற ஆள் இல்லை. இடுப்பில் கை வைத்து என் பக்கம் திரும்பினார்.

“ஆத்தாளே ஒரு வாய் முழுங்கிட்டா. ஒனக்கு என்னடி? போய் முழுங்கு!”

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பூசாரியாகத்தான் இருக்கும். அப்புறம் கோயிலே குலுங்கியது. டிரெஸ்ஸர் கூட்டத்திலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். “தண்ணி படாம வையின்னா, பாலாபிசேகமே பண்ணிட்டீங்களே” என்று திட்டிக்கொண்டே மருந்தகத்தைத் திறந்து புது மாத்திரை கொடுத்தார். விரதம் இருந்த வெறும் வயிறு. மருந்துக்கும் அதுதான் வேண்டும். மாமியாரே தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னவரும் அவர்தான்.

திரும்பும் வழியில் லெட்சுமி என் பின்னாலேயே வந்தாள். குரலைத் தாழ்த்தி, “அக்கா, என் வீட்டுக்காரருக்கும் ரொம்ப நாளா இருமுதுலா. சொல்ல வெக்கமா இருந்துச்சு” என்றாள். அடுத்த வாரம் அவர்கள் இருவரையும் நானே டவுனுக்கு அழைத்துப் போனேன். அதே மிஸி. நான் என் சேலைக் கரையைக் கட்டைவிரலால் காட்டி, ‘மேரா, மேரா’ என்று லெட்சுமியின் புருஷனுக்கு விளக்கம் சொன்னேன். மிஸி சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது.

அந்த இரண்டடி பின்னால் போனவள் சில மாதம் என்னோடு சேராமல்தான் இருந்தாள். அது கிடக்கட்டும். மற்றவர்கள் எனக்குச் ‘செவப்பாத்தா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரட்டில் நின்றுகொண்டு, “செவப்பாத்தா, முழுங்கியாச்சா?” என்று கூட்டமாகக் கேட்பார்கள். “ஆச்சு, ஆச்சு!” என்று நாக்கை நீட்டுவேன். மாலை போட்டதைவிட அந்தக் கேலிதான் என்னை இந்த மலைக்காரி ஆக்கியது. டாக்டர் போதும் என்று சொன்ன நாள்வரை ஒரு வேளைகூட விடவில்லை. கடைசி மாத்திரையை முழுங்கிய அன்று மாமியார் லயன் முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்.

போன வருஷம் செல்வியோடு கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, “மலேசியாக்காரி வந்துட்டாளே” என்று ஆரத்தி சுற்றினாள். நான் தவழ்ந்த வாசல், விருந்தாளி மாதிரி வெளியே நின்றேன். ஒரு மாதம் இருந்தேன். வெயில் சுட்டது, இட்லி இனித்தது, பேச்சில் என்னையறியாமல் ‘லா’ விழுந்தபோதெல்லாம் தங்கச்சி பிள்ளைகள் சிரித்தார்கள். மலைக்குத் திரும்பி, புகை மணக்கும் லயன் வாசலில் பெட்டியை இறக்கினால், அங்கேயும் தட்டோடு நிற்கிறார் மாமியார். “நில்லு, நில்லு. ஊர்லேருந்து வந்திருக்க, அப்படியே உள்ள வராத” என்றார். தட்டில் செக்கச்செவேல் என்று தண்ணீர். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மாமியார் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, யாருக்கும் கேட்காத மாதிரி என் காதருகே குனிந்தார்.

“பயப்படாத. மஞ்சளும் சுண்ணாம்பும்தான். மாத்திரை எதுவும் போடல.”

ஒரு கால் வாசலுக்கு உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தேன்.