பன்னிரண்டாவது மாடியில் ஒன்பது முட்டைகள்

1. தராசு

கிள்ளானில் ஓர் அரசாங்க கிளினிக்கில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி ஆண்டில் குழந்தைகளை எடை பார்க்கும் அறையைக் கொடுத்திருந்தார்கள். கவினுக்கு இரண்டு வயது, எட்டரைக் கிலோ. போன மாதமும் எட்டரை. தராசின் மேல் சந்தேகம் வந்து இரண்டு கிலோ சீனியை வைத்துப் பார்த்தேன். இரண்டு கிலோ காட்டியது.

அடுத்த மாதமும் ஏறாவிட்டால் ஆஸ்பத்திரி வார்டில் சேர்க்க வேண்டும் என்றார் மிஸ்ஸி, எங்கள் கிளினிக் நர்ஸ். கவினின் அம்மா தேவி தனியாள். ஷா ஆலம் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. வார்டில் பிள்ளையோடு உட்கார்ந்தால் அந்த வேலை இருக்காது. கிளினிக் மாதாமாதம் அரிசி, பால்மாவு, முப்பது முட்டை கொண்ட ஒரு தட்டு கொடுத்து வந்தது.

"வேலை நாள்ல தினம் ஒரு முட்டை அவிச்சு, பார்த்துக்கிற அக்காகிட்ட குடுத்துட்டுத்தான் போறேன் அங்கிள். நான் ஒண்ணுகூட எடுக்கல" என்றாள். நான் கேட்கவே இல்லை.

2. ஐஸ் பெட்டி

பிள்ளை பார்க்கும் சரசு அக்கா, தேவி குடியிருந்த அதே அடுக்குமாடியின் பன்னிரண்டாவது மாடி. ஒரு மத்தியானம் நேரில் போனேன். லிஃப்ட் மூன்றில் ஒன்று ஓடியது. வீட்டில் ஏழு பிள்ளைகள், ஒரு குளியலறை, இரண்டு வாளி. ஏழு பேரும் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அழுகைச் சத்தமே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முட்டை எங்கே என்று கேட்டேன். ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். அவித்த முட்டை ஒன்பது. அந்த மாதத் தட்டைக் கொடுத்து ஒன்பது வேலை நாள்தான் ஆகியிருந்தது.

"திருடல டாக்டர். எண்ணிக்கோங்க."

நான் டாக்டர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. ஏன் கொடுக்கவில்லை என்றேன்.

"குடுத்தா மத்தியானம் வெளிக்கிப் போயிடறான். பம்பு கெட்டு மாசக்கணக்கா ஆச்சு, தண்ணி விடியக்காலம் மட்டும்தான் ஏறுது. ரெண்டு வாளி தண்ணி. ஏழு பேரைக் கழுவணும். பம்பர்ஸ் டயப்பரும் ஆளுக்கு ரெண்டுதான் குடுத்து விடுறாங்க. நீங்களே கணக்குப் போடுங்க லா."

போட்டேன். அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. நிறையத் தின்றால் நிறையக் கழுவ வேண்டும். பிஸ்கட் என்றால் சமாளிக்கலாம்.

3. பீப்பாய்

அடுக்குமாடி நிர்வாக அலுவலகத்தில் கேட்டேன். பம்பு பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். கிளினிக்கில் சொன்னேன். "அங்கிள், நம்மகிட்ட பால்மாவு இருக்கு, பம்பு இல்லையே" என்றார் மிஸ்ஸி. அதுவும் நியாயம்.

செலாயாங் பாசாரில் இரண்டு நீலப் பீப்பாய் வாங்கினேன். மூடி இறுக்கமா என்று நான்கு முறை பார்த்தேன். பிள்ளை விழக்கூடாது, கொசுவும் முட்டையிடக்கூடாது. ஓடிய ஒரே லிஃப்டில் ஏற்றினோம். சரசு அக்கா விடியற்காலையில் நிரப்பி வைத்தார். முதல் நாள் சோறும் பருப்பும் கொடுத்தார், மறுநாள் முட்டையும்.

அடுத்த மாதம் கவின் எட்டு கிலோ தொள்ளாயிரம். நான் மறுபடி சீனியை வைத்துப் பார்த்தேன். வார்டு வேண்டாம் என்று மிஸ்ஸி சொன்னதும் தேவி கைப்பேசியில் மணி பார்த்தாள். தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க நேரம் இருந்தது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எடை ஏறாத பிள்ளையின் வீட்டுக்குப் போனால் அடுப்படிக்குள் நுழையுமுன் குளியலறைக்குப் போங்கள். மத்தியானமாகப் பார்த்துப் போய், குழாயைத் திறந்து பாருங்கள்.