ஏறும்போது வரும் வலி

மர்ஜூக்கியின் வாயிலிருந்து நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கியவன் நான். அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

செமாராங் நகரத்தில், மேட்டுக் குடியிருப்புக்கு ஏறும் படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் என் கடை. பல் செட் கட்டுவது தொழில். பல் டாக்டருக்குப் படிக்காத எங்களுக்கு அரசாங்கம் விட்டு வைத்திருப்பது அதை மட்டும்தான், பல் பிடுங்கக் கூடாது. ஆனாலும் கடைக்குள் ஒரு நீலத் திரை தொங்கும். திரைக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று சந்தில் எல்லாருக்கும் தெரியும்.

எதிரே பாக் தமாமியின் தண்ணீர்க் கடை. அங்கே நிரப்புகிற கேன்களை மேட்டு வீடுகளுக்குச் சுமந்து போகிறவன் மர்ஜூக்கி. நூற்று நாற்பது படி, வண்டி எதுவும் ஏறாது. தோளில் ஒரு கேன், கையில் ஒரு கேன். அவனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பாதிப் படியில் மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து நிற்கும்போது, இவன் கேனை இறக்காமலே நின்று ஊர்வம்பு பேசுவான். மேலே யார் வீட்டில் சண்டை, யார் பெண்ணைப் பார்க்க ஆள் வந்தது, எல்லாம் அவன் மூலமாகத்தான் கீழே இறங்கும். ஒரு நாள்கூடப் படுத்ததில்லை என்பது அவனுக்குப் பெரிய பெருமை. அவனுடைய அண்ணன் ஐம்பதாவது வயதில், காபி குடித்துக்கொண்டிருந்தபோதே சரிந்து போய்விட்டார். எங்கள் பக்கம் அதற்கு உட்கார்ந்த காற்று என்று பெயர். உடம்புக்குள் நுழைந்த காற்று வெளியே போகாமல் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டதாம். அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லாரும் திரும்பிக்கொண்டிருந்த நேரம், மர்ஜூக்கி என் கடைக்குள் வந்தான். என்னை அவன் காங், அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவான்.

"காங் சுகேரி, மூணு வாரமா இந்தத் தாடை உசுர வாங்குது. எந்தப் பல்லுன்னு பாத்துப் புடுங்கி விடு."

"எந்தப் பக்கம்?"

அவன் இடது தாடை முழுவதையும் உள்ளங்கையால் மூடிக் காட்டினான். பல்வலிக்காரன் விரலால் காட்டுவான். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன், இது எனக்குத் தெரியாததில்லை. பல் பார்க்கும் கண்ணாடியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினேன். எதைத் தட்டியும் அவன் முகம் சுளிக்கவில்லை. ஈறு வீங்கவில்லை. கடைசிக் கடைவாய்ப் பல்லில் கொஞ்சம் கறுப்பு இருந்தது. வந்தவனைச் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. திரையை இழுத்துவிட்டேன்.

பல் லேசில் அசையவில்லை. வெளியே வந்தபோது வேர் இரண்டும் வெள்ளை வெளேரென்று, தேங்காய்க் கீற்றுப் போல இருந்தன. அதை அவன் கண்ணில் படாமல் பஞ்சுக்குள் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

"நாலு நாள் கனம் தூக்காத. ரத்தம் நிக்காது."

நாலு நாள் அவன் தூக்கவில்லை. நாலு நாளும் வலி வரவில்லை. ஐந்தாம் நாள் சந்து முழுக்க என் புகழ்தான். "காங் சுகேரி கைய வச்சா வலி ஓடிப்போவுது, பல் டாக்டர் எல்லாம் எதுக்கு?" என்று சொல்லி, மர்ஜூக்கி மேட்டிலிருந்து இரண்டு பேரை எனக்கு அனுப்பியும் வைத்தான்.

பத்து நாளில் அவனே திரும்பி வந்தான். அதே பக்கம், அதே உள்ளங்கை. அதற்கு அடுத்த பல்லையும் எடுத்தேன். அதுவும் நல்ல பல். அதையும் பஞ்சுக்குள் சுருட்டினேன்.

அடுத்த வாரம் மேட்டில் ஒரு வீட்டுக்குப் பல் செட் கொண்டுபோக வேண்டியிருந்தது. மர்ஜூக்கிக்குப் பின்னால் ஏறினேன். தொழுகைக் கூடத்துத் திருப்பத்தில் அவன் கேன்களை இறக்கி வைத்தான். அவன் கேனை இறக்கி நான் பார்த்ததே இல்லை. சட்டைப் பையிலிருந்து கிராம்புச் சிகரெட்டை எடுத்தான். பற்றவைக்கவில்லை, விரலிடுக்கில் சும்மா பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்வை. வெயில்கூட அப்போது இல்லை, மழை மூட்டம்.

"என்ன ஜூக்கி, இங்கேயே வீடு கட்டப் போறியா?"

"தாடைதான் காங். நின்னா போயிடும். மொதல்ல மேல பச்ச கேட்டு வீட்டுக்கிட்ட வரும். அப்புறம் இங்க வந்துச்சு. நேத்து கீழ வாழமரத்துக்கிட்டயே புடிச்சுக்கிச்சு."

வலி படி இறங்கி வந்துகொண்டிருந்தது. அவன் அதை வேடிக்கைபோலச் சொன்னான்.

படி முடிகிற இடத்தில் அவன் மனைவி விந்தார்த்தி தெம்பே என்கிற சோயாக் கட்டியைப் பொரித்து விற்பாள். கரண்டியை ஆட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "பாருங்க, ஆம்பளை ஏறி வர்ற லட்சணத்த! புதுப் பொண்ணு நடக்கற மாதிரி. தெனம் சாயங்காலம் முதுகுல காசு வச்சுச் சுரண்டி என் விரலே தேஞ்சு போச்சு. எம்புட்டுக் காத்துதான் இந்த உடம்புக்குள்ள புகுமோ!" நாணயத்தால் முதுகைச் சிவக்கச் சுரண்டினால் உடம்பில் புகுந்த காற்று வெளியே போய்விடும் என்பது எங்கள் பக்கத்துக் கைவைத்தியம்.

"நெஞ்சு வலிக்குதா ஜூக்கி?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நெஞ்சு கல்லு மாதிரி இருக்கு காங்" என்று அவன் மார்பில் தட்டிக் காட்டினான். "அண்ணனுக்கு வந்தது வேற. இது பல்லுதான்."

மறுநாள் இபு ஹர்த்தினி, அதாவது ஹர்த்தினி அம்மா, பல் செட்டுக்கு அச்சு எடுக்க வந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் நிறைய மெழுகை வைத்துவிட்டு, அது இறுகும்வரை பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று மர்ஜூக்கியின் தாடையைப் பற்றிச் சொன்னேன். ஏறினால் வருகிறது, நின்றால் போகிறது, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடந்தாலும் வருகிறதாம் என்றேன். அவர் கண் பெரிதானது. கையை ஆட்டினார். மெழுகு இன்னும் இறுகவில்லை என்றேன். இரண்டு விரலை விட்டுத் தட்டோடு மெழுகைப் பிடுங்கி மேசைமேல் வீசினார்.

"படி ஏறும்போது வர்ற வலிக்குப் பல்லு என்னய்யா பண்ணும்? பல்லா மாடி ஏறுது? அது நெஞ்சு!"

"நெஞ்சு வலிக்கலன்னு சொல்றான் இபு."

"வலிக்கணும்னு சட்டமா? எத்தன பேரப் பாத்திருக்கேன். ஒருத்தனுக்குத் தாடை, ஒருத்தனுக்கு இடது கை, ஒருத்தனுக்கு மேல்வயிறு எரியுது, வாய்வுன்னு நெனைச்சுக்குவான். பொம்பளைங்களுக்கு வெறும் மூச்சு வாங்கும், அசதியா இருக்கும், அதோட போயிடுவாங்க. ரத்தம் போற வழி அடைச்சா நெஞ்சு எங்க வேணாலும் கத்தும்." துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கே சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்லு. ஈசிஜி எடுக்கட்டும். கேனத் தூக்கவே கூடாது. இன்னொண்ணு கேட்டுக்க. சும்மா உக்காந்திருக்கும்போது வலி வந்து, பத்து நிமிஷத்துல போகலைன்னா, அன்னிக்குக் காசு வச்சுச் சுரண்டிக்கிட்டு உக்காரக் கூடாது. நடக்க விடாத. தூக்கிப் போட்டுட்டு அவசரப் பிரிவுக்கு ஓடு. நேரம் போகப் போக நெஞ்சுச் சதை சாகும். செத்தது திரும்பாது."

அவர் போன பிறகு நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே மர்ஜூக்கி கேன்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். நாலு எட்டு வைத்தால் அவனிடம் போய்விடலாம். போயிருக்கலாம். ஆனால், இது நெஞ்சு என்றால் நான் பிடுங்கிய பற்கள் எதற்கு என்று அவன் கேட்பான். சந்து கேட்கும். திரையைப் பற்றி யாராவது அரசாங்கத்துக்கு எழுதிப் போடுவார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்கு மூன்று செட் முடிக்க வேண்டியிருந்தது. வேலை முடிந்தபின் சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று அவன் ஏறுவதும் இறங்குவதும் எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் இறங்கி வரும் செருப்புச் சத்தம் காதில் விழும்வரை அரத்தைக் கையில் பிடித்தபடி காத்திருப்பேன்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணி இருக்கும். மர்ஜூக்கி உள்ளே வந்து, நான் சொல்லாமலே திரைக்குப் பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னொண்ணையும் புடுங்கிடு காங். முடியல."

"படியில வந்துச்சா?"

"ஏறவே இல்ல. மூடியக் கழுவிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டு தாடையும் புடிக்குது. இந்தக் கை…" அவன் இடது கையைப் பார்த்தான். "கேன் இல்லாமலே கேன் தொங்குற மாதிரி இருக்கு."

அவன் முகம் சாம்பல் பூசியதுபோல இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரமா?"

"அரை மணி இருக்கும். சீக்கிரம் புடுங்கு, டெலிவரி நிக்குது."

"ஜூக்கி, இது பல்லு இல்ல. நெஞ்சு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"நெஞ்சு வலிக்கலன்னேனே."

"வலிக்காமலும் வரும். இபு ஹர்த்தினி சொன்னாங்க."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்போ என் பல்லு ரெண்டும்?"

"நல்ல பல்லு. ரெண்டும் நல்ல பல்லு."

அவன் வைவான் என்று நினைத்தேன். அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான், அதற்குள் என் மேசைக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தான். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"மேல போறேன். விந்தார்த்திகிட்டச் சுரண்டிக்கிட்டாச் சரியாப் போயிடும்."

"ஒரு படி ஏறக் கூடாது!"

"விடு காங்."

வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவன் என் மார்பில் கை வைத்துத் தள்ளினான். இரண்டு கேன்களோடு மலையேறுகிறவனின் கை அது. என்னை அரை அங்குலம்கூட நகர்த்த முடியவில்லை. அதைப் பார்த்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் பயம் வந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பாக் தமாமியைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் தன் சின்ன லாரியிலிருந்து காலிக் கேன்களைத் தெருவில் உருட்டித் தள்ளினார். அவனை நாற்காலியில் உட்கார வைத்து, அதோடு தூக்கி ஏற்றினோம். சந்தில் ஆள் கூடிவிட்டது. "தைலம் தேய்ங்க", "வெந்நி குடுங்க", "மொதல்ல படுக்க வையுங்க, சுரண்டலாம்" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரோ ஒருவர் மட்டும் குரலைத் தாழ்த்தி அந்தப் பெயரைச் சொன்னார். மர்ஜூக்கிக்கு அது கேட்டிருக்கிறது. வழியெல்லாம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டான்.

"அண்ணனுக்கு வந்தது இதுதானா காங்?"

"பேசாத. மூச்ச விடு."

அவசரப் பிரிவில் அவன் மார்பில் ஒயர்களை ஒட்டினார்கள். ஈசிஜித் தாளைப் பார்த்த இளம் டாக்டர் அதைப் பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினாள். மாத்திரையைக் கையில் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னாள். பல் போன பக்கத்தில் மெல்ல முடியாமல் அவன் மறுபக்கம் தள்ளி மென்றான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எப்ப ஆரம்பிச்சுது?" என்று டாக்டர் கேட்டாள்.

"இன்னிக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. ஆனா ஏறும்போது வர்ற வலி ஒன்றரை மாசமா இருக்கு" என்றேன்.

"ஒன்றரை மாசமா என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

விந்தார்த்தி அப்போதுதான் எண்ணெய்க் கறை படிந்த முன்துணியோடு ஓடி வந்தாள். அவளுக்கு வழி விடுகிற சாக்கில் நான் நகர்ந்துகொண்டேன்.

அன்று மதியமே அவன் இதயத்து ரத்தக்குழாயில் அடைப்பை விரித்து ஒரு சின்னச் சுருளை வைத்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் இதயத்தின் ஒரு பக்கச் சதை முன்பே செத்திருந்தது. இனி கனம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, சிகரெட்டை நினைக்கவும் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். மேட்டு வீட்டை விட்டுவிட்டுக் கீழே ஓர் அறைக்கு வந்தார்கள். மர்ஜூக்கி இப்போது பாக் தமாமியின் கடையில் உட்கார்ந்து மூடிகளுக்கு முத்திரை ஒட்டுகிறான். மேட்டுச் செய்தி எதுவும் அவனிடம் இப்போது இல்லை. கழுத்தில் தொங்கும் சின்னப் பையில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறது. அவன் பேச்சை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், கடையில் இருக்கிற அத்தனை பேரும் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

நான் பிடுங்கிய பற்களைப் பற்றி அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "நீ புடுங்காட்டி வேற எவன்கிட்டயாவது போயிருப்பேன் காங். நான்தானே புடுங்கச் சொன்னேன்." அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.

நீலத் திரையைக் கழற்றிவிட்டேன்.

போன மாதம் விந்தார்த்தி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"இபு ஹர்த்தினியச் சந்தையில பாத்தேன். சுகேரிகிட்ட அன்னிக்கே சொன்னேனேன்னாங்க. என்னிக்குச் சொன்னாங்க?"

"அவன் விழறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"ரெண்டு நாள்."

"ஆமா."

"அந்த ரெண்டு நாளும் சாயங்காலம் நான் சுரண்டிக்கிட்டிருந்தேன். காத்து வெளியே வருது, பாருங்க எப்படிச் செவந்திருக்குன்னு அவர்கிட்டச் சொல்லிச் சொல்லிச் சுரண்டினேன்." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

பிறகு மருந்து வாங்க நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மர்ஜூக்கியிடம் அவள் இதைச் சொல்லியிருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அவன் இன்றைக்குக் காலையிலும் தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கையசைத்தான். அவனுடைய கால் இரண்டும் இந்த வாரம் வீங்கியிருக்கின்றன, இதயம் தளர்ந்தால் அப்படி வருமாம். திங்கட்கிழமை டாக்டர் வரச் சொல்லியிருக்கிறாராம். பாக் தமாமியின் லாரியில், அவனோடு கூடப் போவது நான்தான்.