மனதில் வைத்த விண்ணப்பம்

எனக்கு இரண்டு பிள்ளைகள் இறந்தே பிறந்தன. இரண்டும் எட்டாம் மாதம். இரண்டு தடவையும் முதலில் கால் வீங்கியது. பிறகு தலைவலி. பிறகு பிள்ளை அசையவில்லை. ஏன் இப்படி ஆகிறது என்று ஊர் மருத்துவச்சியிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற வழியில் இருக்கிறது. நான் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். வீட்டுக்காரர் மழையை நம்பிப் பருத்தி போடுகிறார்.

எண்பத்தொன்றாம் வருஷம் மூன்றாவதாக உண்டானேன். இந்தத் தடவை வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. முதல் இரண்டு தடவையும் சபையில் எழுந்து சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பிறகு வெறுங்கையோடு அதே சபையில் வந்து உட்கார்ந்தேன். அது போதும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை பகலில் எங்கள் சபையில் பெண்கள் உபவாச ஜெபம். ஒவ்வொருவராக எழுந்து விண்ணப்பம் சொல்லுவோம். மற்றவர்கள் ஜெபிப்பார்கள். வெளியே சொல்ல முடியாதவர்கள் "மனதில் ஒரு காரியம்" என்று சொன்னால் போதும். என்ன என்று யாரும் கேட்கக் கூடாது. நான் வாராவாரம் அப்படியே சொன்னேன். சேலையை இழுத்து மூடிக்கொள்வேன். உள்ளுக்குள் கேட்டது இதுதான்: ஆண்டவரே, இந்த வயிற்றைப் பார்க்கத் தெரிந்த ஒரு பெண் டாக்டரைக் காட்டும்.

வீட்டுக்காரர் ஒரு நாள் கோவில்பட்டி போய்த் தேடினார். "நல்ல டாக்டர் எங்கன இருக்காவ?" என்று கேட்டாரே தவிர, எதற்கு என்று சொல்லக் கூச்சம். யாரோ கைகாட்டிய இடத்தில் வரிசையில் இருந்து உள்ளே போனால், பல் டாக்டர்.

"வாயத் தொறங்கன்னாரு. எந்திரிச்சு வந்துட்டேன்" என்றார். சிரித்துவிட்டேன். அடுத்த வாரம் கால் வீங்கியது.

அப்போது ஏழாம் மாதம். வெள்ளிக்கிழமை தலைவலியோடுதான் ஜெபத்துக்குப் போனேன். என் முறை வந்தது. "மனதில் ஒரு..." என்று ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை.

"முழுகாம இருக்கேன். கால் வீங்கிருச்சு. இந்தப் பிள்ளையும் போயிரும். எந்த டாக்டர்ட்ட போகணும்னு தெரியல" என்று அழுதுவிட்டேன்.

வாராவாரம் போல் பக்கத்துப் பாயில் ரத்தினம் அக்கா. என் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, கூறுகெட்டவளே! நான் தெனமும் துணி துவைக்கப் போறதே பிரசவம் பாக்குற டாக்டரம்மா ஆசுபத்திரிக்குத்தான. எனக்குச் சந்தேகமாத்தான் இருந்துச்சு. கேக்கக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டு, எதுக்குன்னு தெரியாமலே ஆமென் சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

"ஜெபம் முடிஞ்சு போவமாக்கா?"

"அவிய ஜெபிக்கட்டும். நீ எந்திரி, பஸ் வந்துரும்."

போகிற வழியில் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டோம். டாக்டரம்மா கையில் பட்டை கட்டிப் பார்த்தார். சிறுநீர் சோதித்தார். பிரஷர் ஏறியிருக்கிறது, உப்பு போகிறது என்றார். முதல் இரண்டு பிள்ளைகளும் இதனால்தான் போயிருக்கும் என்றார். அப்போதுதான் எனக்குக் காரணம் தெரிந்தது.

"இன்னைக்கே படுக்கணும்" என்றார்.

"நாளைக்கு வாரோம்மா, வீட்ல மாடு நிக்கி" என்றார் வீட்டுக்காரர்.

"மாட்ட நீங்க போய்ப் பாருங்க. இவள நான் பாக்கேன்."

ஒரு மாதத்துக்கு மேல் அங்கேயே படுத்திருந்தேன். அக்கா துணி துவைக்க வரும்போதெல்லாம் கஞ்சி கொண்டு வந்தார். பிறகு பிரஷர் அடங்கவில்லை. ஆபரேஷன் என்றார்கள். எனக்கு நீளமாக ஜெபிக்க வராது. "அப்பா, இதையாவது" என்றேன். அவ்வளவுதான்.

பெண் பிள்ளை. கை அகலம்தான் இருந்தாள். கொஞ்ச நேரம் அழவில்லை. பிறகு அழுதாள். அந்தச் சத்தத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. ஆண்டவருக்கு நன்றி. டாக்டரம்மாவுக்கும் அக்காவுக்கும் நன்றி.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள்.

நான் எத்தனையோ வாரம் கேட்டேன். ஆண்டவரோ பதிலை என் முழங்கையில் இடிக்கிற தூரத்தில் உட்கார வைத்திருந்தார். நான்தான் திரும்பிப் பார்க்கவில்லை. நாம் சொல்லாமலே ஆண்டவருக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிறவளுக்குச் சொன்னால்தான் தெரியும்.

இப்போது யாராவது "மனதில் ஒரு காரியம்" என்று உட்கார்ந்தால், ஜெபம் முடிந்து நான் போய்க் கேட்கிறேன். சிலர் கோபப்படுகிறார்கள். பரவாயில்லை.

நீங்களும் ஆண்டவரை நம்புங்கள். வெள்ளிக்கிழமை வாருங்கள். என் பாயில் இடம் இருக்கிறது.