முதலில் டீசலைப் பார்க்கவும்

நின்றுபோன சர்வரை எழுப்புவது பெரிய வித்தை இல்லை. அது ஏன் நின்றது என்று தெரியும்வரை அதன்மேல் கை வைக்காமல் ஒரு மனிதரை உட்கார வைப்பதுதான் வித்தை. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம், இந்நேரம் தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்களுக்காக ஒரு வரி: வங்கியோ காப்பீடோ, நீங்கள் திரையில் தட்டுவதை வாங்கி, உள்ளே தகவல் கிடங்கில் விசாரித்துப் பதில் கொண்டுவருகிற இடைத்தரகன்தான் அப்ளிகேஷன் சர்வர். அது நின்றால் காரணம் கண்டுபிடிக்கும் முறையை, ஏற்கெனவே கணினி வேலையில் இருப்பவர்களுக்கு, ராமநாதபுரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் சொல்லித்தருகிறேன். நான் கல்லூரியில் படித்தது தாவரவியல். சர்வரைக் கையேடுகளைப் படித்தும் பலமுறை கெடுத்தும் நானாகக் கற்றுக்கொண்டேன்.

இங்கே எழுதுவது ஒரே பேட்ச்சின் கதை. சென்னை நிறுவனம் ஒன்று அனுப்பிய எட்டுப் பேர், மூன்று வாரப் பயிற்சி, முடிவில் பரீட்சை. எட்டுப் பேரும் இந்தப் பக்கத்துக்காரர்கள். தேறினால் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம். தேறாவிட்டால் சென்னைக்குப் போக வேண்டும்.

பரபரத்த கை

முதல் நாள் சர்வரை நானே கெடுத்துவைத்து, "பக்கம் திறக்கவில்லை என்று புகார் வந்திருக்கிறது, ஏன் என்று பாருங்கள்" என்றேன். வகுப்புக்கு ஒரே சர்வர்தான். எட்டுப் பேரும் அவரவர் இடத்திலிருந்தே அதற்குள் போகலாம். நான் திரும்பிப் போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் பரமக்குடி செந்தில் கையைத் தூக்கிவிட்டார். ரீஸ்டார்ட் செய்துவிட்டாராம்.

ரீஸ்டார்ட் செய்தால் கோளாறின் தடயமும் சேர்ந்து போய்விடும். பிணத்தைக் குளிப்பாட்டிவிட்டுப் போலீஸைக் கூப்பிடுவது போல என்று அரை மணி நேரம் விளக்கினேன். மற்ற ஏழு பேரும் செந்திலைத்தான் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "ஓடுதுல்ல சார். ஓடுறதைப் போயி ஏன் நின்னேன்னு கேட்டா, அது என்ன சொல்லும்?"

சுத்தம்

சர்வர் தான் செய்வதையெல்லாம் லாக் என்ற கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். நமக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். இரண்டாம் நாள் அதைத் திறந்து காட்டப் போனால், கோப்பு காலி. கீழக்கரையிலிருந்து வரும் பர்வீன் அழித்திருந்தார். பழசெல்லாம் குவிந்து கிடந்ததாம், கூட்டிவிட்டாராம்.

அன்றே சட்டம் போட்டேன். "யாரும் எதையும் அழிக்கக் கூடாது" என்று பலகையில் பெரிதாக எழுதினேன். அதோடு நிற்கவில்லை. சர்வர் தும்மினால்கூட எழுதிவைக்கும்படி லாக்கின் அளவையும் நானே கூட்டிவைத்தேன், எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கட்டும் என்று. பர்வீன் பலகையை ஒரு முறை படித்துவிட்டுக் கேட்டார்: "அழிக்கவே கூடாதுன்னா, அம்புட்டையும் எங்கன சார் வைக்கிறது?"

ஆட்டிப் பார்ப்பவர்

ஜெசிந்தா தங்கச்சிமடத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பதை நெருங்குகிறவர், பிள்ளைகளுக்காக ஆறு வருஷம் விட்டிருந்த வேலைக்கு அப்போதுதான் திரும்பியிருந்தார். கணவருக்குப் பாம்பனில் படகு. படகைச் சென்னைக்குக் கொண்டுபோக முடியாது, அதனால் தேறாவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வழியில்லை என்று முதல் வாரமே என்னிடம் சொல்லியிருந்தார்.

ஆனால் வேகம் கிடையாது. மற்றவர்கள் பாதி தூரம் போனபிறகும், டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, மெமரி இருக்கிறதா என்று ஒரு நோட்டில் வரிசையாகக் குறித்துக்கொண்டிருப்பார். "அக்கா, இது சர்வரு. கேஸ் சிலிண்டர் இல்ல, ஆட்டி ஆட்டிப் பார்க்க" என்பார் செந்தில். ஒரு நாள் எனக்கே பொறுமை போய், "அதெல்லாம் இருக்கும்மா, மேலே போங்க" என்றுவிட்டேன். ஜெசிந்தா நிமிரவில்லை. "எங்க வீட்டுக்காரரு, படகு நின்னுச்சுன்னா மொத டீசல் இருக்கான்னுதான் சார் பார்ப்பாரு. இன்ஜினைக் கழட்டிப் போட்டுட்டு அப்புறம் டேங்கைப் பார்த்தா, நடுக்கடல்ல அதை யாரு மாட்டுறது?"

கையேட்டில் இல்லாத கேள்வி

நேற்றுவரை ஓடியது இன்று நின்றால், இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார் என்று கேளுங்கள் என்பது என் வகுப்பில் முதல் பாடம். அது என் மனைவி கொடுத்தது. அவள் தவறி ஒன்பது வருஷமாகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றவில்லை. காலையிலிருந்து அதைப் பிரித்துப் பின்கட்டு முழுக்கப் பரப்பியிருந்தேன். உத்தரகோசமங்கைக் கோயிலுக்குப் போயிருந்தவள் திரும்பிவந்து, பாகங்களை மிதிக்காமல் சுற்றி நடந்து, முந்தின நாள் தொட்டி கழுவுவதற்காக நான் மூடிய வால்வைத் திறந்துவிட்டாள். "நேத்து இதுல கை வச்சது யாருன்னு, மொத உங்களையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

ஏழு சரியான விடைகள்

பரீட்சையில் சர்வரைப் பார்க்கலாம், காரணத்தை எழுதலாம், எதையும் மாற்றக் கூடாது. விடைத்தாள் திருத்துவது சென்னை; விடைக்குறிப்பை நான் முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். சர்வருக்கும் தகவல் கிடங்குக்கும் நடுவே ஐம்பது இணைப்புகள் இருக்கும். அதை இரண்டாகக் குறைத்தால் நெரிசலில் பக்கம் நின்றுவிடும். மூன்று வருஷமாக இதே கேள்விதான். அன்று காலையும் இரண்டு என்று போட்டுச் சேமித்தேன். பக்கம் திறக்கவில்லை. ஆரம்பிக்கலாம் என்றேன்.

ஏழு பேர் பத்து நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். ஜெசிந்தா மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் முடிவு வந்தது. ஏழு பேருக்கும் முழு மதிப்பெண், ஜெசிந்தாவுக்குப் பூஜ்யம்.

அவர் அழவில்லை. என்னைக் கூப்பிட்டுச் சர்வரைத் திறந்து காட்டினார். டிஸ்க்கில் துளி இடமில்லை. மூன்று வாரமாகத் தும்மலையும் எழுதிய லாக், டிஸ்க்கை நிரப்பிச் சர்வரை நிறுத்தியிருந்தது. இடமில்லாததால் நான் போட்ட ‘இரண்டு’ பதிவாகவே இல்லை. ஐம்பது இணைப்புகளும் அப்படியே இருந்தன. ஏழு பேரும் இல்லாத கோளாறை எழுதியிருந்தார்கள். முந்தைய பேட்ச்சின் விடை அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. இருந்த கோளாறை எழுதியவர் ஜெசிந்தா மட்டும். அவர் பலகையில் இருந்த என் எழுத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சார், இந்த லாக்குல கடைசியா கை வச்சது யாரு?"

எட்டாவது ஆள்

அன்றே சென்னைக்கு எழுதினேன்: விடைக்குறிப்பு தவறு, சர்வர் நின்றதற்குக் காரணம் நான், ஜெசிந்தாவின் விடைதான் சரி. அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர் போனில் வந்தார். ஏழு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கும்போது ஒருத்தர் மட்டும் எப்படிச் சரி என்றார். ஏழு பேர் எழுதிய கோளாறு சர்வரில் இல்லவே இல்லை என்றேன். ஆனால் குறிப்போடு பொருந்துகிறதே என்றார். இதே வட்டத்தை மூன்று தடவை சுற்றிய பிறகு, டிஸ்க் நிரம்பிய திரையைப் படம் பிடித்து அனுப்பினேன்.

"அப்ப ஏழு பேரும் ஃபெயிலா சார்?"

"ஆமா."

"உங்களையும் சேர்த்தா எட்டு."

மறுபரீட்சை

ஜெசிந்தாவின் பூஜ்யம் முழு மதிப்பெண் ஆனது. இப்போது தங்கச்சிமடத்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். மற்ற ஏழு பேருக்கும் புதுக் கேள்வியோடு மறுபரீட்சை வைத்தேன். ஒரு வாரம் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரீட்சை தொடங்கிக் கால் மணி நேரம் செந்தில் எதையும் தொடாமல் ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டிருந்தார். மூன்று வாரமும் வீண் போகவில்லை என்று நான் நினைத்த நேரத்தில் கையைத் தூக்கினார். "டீசல் இருக்கு சார். இப்பவாச்சும் ரீஸ்டார்ட் பண்ணிக்கிறலாமா?"

தடயம் எதையும் அழிக்கக் கூடாது என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்த நான், அடுத்த பேட்ச் மாடிப்படி ஏறுவதற்குள் முதல் வேலையாக அந்தப் பலகையைத் துடைத்துவிட்டேன்.