சாட்சி நேரத்தில் என் கை

என் கணவர் பிரசங்கம் செய்யும் சபை, விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஷீட் கொட்டகையில் இருக்கிறது. நாற்பது குடும்பம் வரும். அவர்களுக்கு அவர் பாஸ்டர், நான் பாஸ்டரம்மா. வாரத்தில் ஆறு நாள் இந்தப் பாஸ்டரம்மா ஒரு கம்பெனியில், கரண்ட் பெட்டியில் செருகுகிற பீங்கான் ஃபியூஸ் கேரியர்களைத் தரம் பிரிக்கிறாள். சூளையிலிருந்து வந்ததை ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்க்க வேண்டும். கணீர் என்றால் நல்ல கூடை. டொக்கென்றால் உள்ளே கீறல், கழிவுக் கூடை. மேலே பூச்சு எவ்வளவு பளபளத்தாலும் சரி, அந்த விஷயத்தில் நான் கறார். முதலாளியே வந்து கெஞ்சினாலும் கீறல் விழுந்ததை நல்ல கூடையில் போட மாட்டேன். எந்த வீட்டிலோ யாருக்கோ ஷாக் அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தக் கறார் எங்கே போயிற்று என்று கேட்டால் எனக்கே தெரியாது.

எனக்கு வலிப்பு உண்டு. கல்யாணமாகி நாலாம் வருஷம் ஆரம்பித்தது. அவர் நாற்பது நாள் உபவாசம் இருந்து ஜெபித்தார். அது பொய்யில்லை, பேண்ட் இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனார். அதே மாதம் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வலிப்பு நின்றது.

முதல் தடவை நான் சுகமானதை மேடையில் சாட்சியாகச் சொன்னபோது ஆஸ்பத்திரியையும் சேர்த்துத்தான் சொன்னார். அடுத்த கூட்டத்தில் நேரமில்லை என்று மாத்திரையை விட்டுவிட்டார். அதற்கடுத்த கூட்டத்தில், டாக்டர்கள் கைவிட்டார்கள் என்று ஒரு வரி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. எந்த டாக்டரும் என்னைக் கைவிடவில்லை. தினமும் போடணும், ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்ன மனுஷர் அந்த ஆஸ்பத்திரி டாக்டர்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்டர் ஒருவருடைய சாட்சியை மேடையில் சொல்லி முடித்துவிட்டு, அந்த ஆளைப் பார்ப்பார். அவர் எழுந்து வலது கையைத் தூக்க வேண்டும். சொன்னதெல்லாம் உண்மை என்பதற்கு அதுதான் கையெழுத்து. ஒன்பது வருஷமாக நான் தூக்கியிருக்கிறேன். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொன்னதில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். நல்ல சமாதானம்!

மாத்திரையை அவர்தான் வாங்கி வருவார். விருத்தாசலத்துக் கடைகளில் சபை ஆட்கள் பார்த்துவிடுவார்கள் என்று மங்கலம்பேட்டைக்கு பைக்கில் போவார். என் வியாதி முழுவதும் அந்த மருந்துக்கடை பாய்க்குத் தெரியும், எங்கள் நாற்பது குடும்பத்துக்குத் தெரியாது. மழை பெய்தாலும் மாதம் தவறியதில்லை. அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு மனசு லேசாகிவிடும். அப்படிச் சொல்ல முடியவில்லை.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தி எங்கள் கம்பெனியில் பூச்சுப் பிரிவில் இருக்கிறாள். கம்பெனியில் என்னை அக்கா என்பாள், சபையில் பாஸ்டரம்மா என்பாள். அவளைச் சபைக்குக் கூட்டி வந்ததே நான்தான். காலேஜ் முடித்த அவள் மகளுக்கும் வலிப்பு. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சந்தோஷமாகச் சொன்னாள்.

"புள்ளைக்கு மாத்திரைய நிறுத்திப் பத்து நாளு ஆவுதுக்கா. ஒங்களுக்கு ஆன மாதிரி எங்களுக்கும் ஆவும்னு விசுவாசம் இருக்குது."

நடுவில் வலிப்பு வந்ததா என்று கேட்டேன். புதன்கிழமை வந்ததாம், அடுப்பின் மேல் விழுந்து முழங்கை வெந்துவிட்டதாம். வியாதி விட்டுப் போகும்போது அப்படித்தான் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகும் என்றாள். அதுவும் எங்கள் மேடையில் கேட்டதுதான்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். மாத்திரையைக் கொடுடி என்று மட்டும்தான் சொன்னேன். என் விசுவாசத்தைச் சோதிக்கிறீங்களா என்று சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள். பெல் அடித்துவிட்டது, சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள் என்பதெல்லாம் சாக்கு. எனக்குக் களைப்பாக இருந்தது. ஒன்பது வருஷத்தை அவிழ்க்க உட்கார்ந்தால் எந்த முடிச்சிலிருந்து தொடங்குவது?

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மேடையில் சொன்னால் சபையே கலைந்துவிடும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றார். நானும் சரி என்றேன். சரி என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெண்ணின் முழங்கையில் கட்டு. பிரசங்கம் போன போக்கில் என் சாட்சியில் வந்து நின்றது. வேண்டுமென்றே சொன்னாரா, வாய்ப்பழக்கத்தில் வந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் கைவிடவில்லை என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். அந்தப் பெண் திரும்பி என் கையைப் பார்த்தாள். நான் தூக்கவில்லை. புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நான் தெனமும் ரெண்டு வேள மாத்திர போடறேன். இன்னிக்குக் காலையிலயும் போட்டுட்டுதான் வந்தேன். எந்த டாக்டரும் என்னக் கைவுடல."

அவர் சபையைப் பாட வைக்கப் பாட்டுப் புத்தகத்தில் ஒரு எண்ணைச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. மைக்கை அணைத்துவிட்டு, முன்வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில், "மாத்திர நான்தாம்மா வாங்கியாறேன்," என்றார்.

சிலர் அப்போதே எழுந்து போனார்கள். நான் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து, உடனே நான் காட்டும் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். அவள் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"அப்ப இத்தினி வருஷமா ஏன் கையத் தூக்குனீங்க?" என்று கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். இப்போது சபைக்குப் பதினெட்டுக் குடும்பம் வருகிறது, அவள் வருவதில்லை. கம்பெனியில் தினமும் எதிரில் பார்க்கிறேன். பிள்ளை மாத்திரை போடுகிறாளா என்று கேட்டால், போடுறா என்று நின்று பதில் சொல்லிவிட்டுப் போகிறாள். பாஸ்டரம்மா என்று கூப்பிடுவதில்லை. அக்கா என்றும் கூப்பிடுவதில்லை.