பின்பக்கத்து வளைவு

கார் தொழிற்சாலையின் வடிவக்கூடத்தில் அவளைக் கைராசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே புது கார் எதுவும் முதலில் களிமண்ணில்தான் பிறக்கும். சூட்டில் இளக்கிய பழுப்புக் களிமண்ணைச் சட்டத்தின் மேல் அப்பி, தகட்டால் சுரண்டிச் சுரண்டி, அசல் காரின் அளவுக்கே உருவாக்குவாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவியே மேடு பள்ளம் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவள் கணவனுக்கு அதே வளாகத்தில் காற்றுக்கூடத்தில் வேலை. ராட்சத விசிறியால் மாதிரிக் காரின் மேல் காற்றை அடித்து, புகை விட்டு, காற்று எங்கே ஒட்டுகிறது, எங்கே பிரிகிறது என்று அளப்பான்.

"நான் செய்யறேன், இவர் ஊதிப் பாக்கறார்" என்பாள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அந்தச் சின்னக் காரை அவள் உயிரைக் கொடுத்துச் செய்தாள். கூரையிலிருந்து பின்பக்கம் வரை ஒரே வளைவு, கூழாங்கல் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. மேலாளர்கள் வாயைப் பிளந்தார்கள். சோதனை முடிந்து வந்த கணவன் மட்டும் அதன் பின்னால் நின்றுகொண்டே இருந்தான்.

"என்ன, குறை கண்டுபிடிச்சாச்சா?"

"காத்து இந்த வளைவை விட்டுப் பிரிய மாட்டேங்குது. ஒட்டிக்கிட்டே கீழ இறங்குது. அப்படி இறங்கறப்போ பின்பக்கத்தை மேல இழுக்குது. வேகம் ஏற ஏற பின்சக்கரத்துக்குப் பிடி குறையுது. இங்க விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு வெச்சா, காத்து அங்கேயே பிச்சுக்கிட்டுப் போயிடும்."

"ஸ்பாய்லரா? எதுக்கு, துணி காயப்போடவா?"

கூடமே சிரித்தது. அவன் காது சிவந்தது.

வீட்டில் அவள் சாப்பிடவில்லை. "இத்தனை நாள் பாடுபட்டதை உங்க கையாலயே கெடுக்கணுமா?" என்று கண்ணைக் கசக்கினாள். அவன் சோதனை அளவுத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தான். "வரம்புக்குள்ளதான் இருக்கு... ஓரத்துல" என்றான். மறுநாள் கூட்டத்தில், விளிம்பு இல்லாமலும் சமாளிக்கலாம் என்று சொல்லிவிட்டான். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

அந்த வடிவத்தில் செய்த முதல் வண்டியை ஓட்டிப் பார்க்கிறவருக்கு நிதானம் என்று பட்டப்பெயர். பேசும்போது ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் ஆளே வேறு. இவர்கள் மகளுக்கு அவர் பெரியப்பா முறை மாதிரி. அன்று சோதனைத் தடம் மழையில் நனைந்திருந்தது. முழு வேகத்தில் வளைவில் திரும்பியவர், ஆக்சிலேட்டரிலிருந்து லேசாகக் காலை எடுத்திருக்கிறார். காரின் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிப் போய்த் தடுப்பில் மோதியது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இனி வேகமாக ஓட்டுகிற பேச்சே இல்லை என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவர் இவளுக்கு ஆறுதல் சொன்னார். "நல்ல வண்டிம்மா. பின்னால மட்டும்... வெயிட்டே இல்லாத மாதிரி ஆயிடுச்சு."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கணவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தபடி வெளியே வந்து அவன் எதிரில் நின்றாள்.

"தப்பு என்னோடது" என்றான் அவன். "அளவு என் கையில இருந்துச்சு. நான் உன் முகத்தைப் பாத்துட்டேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அந்த விளிம்பை அவளே வைத்தாள். காற்றுக்கூடத்தில் பின்பக்கம் அடங்கி உட்கார்ந்தது. பார்க்கவும் அசிங்கமாக இல்லை. சொல்லப்போனால் இப்போதுதான் வண்டி முழுசானது போல இருந்தது. அதுதான் அவளை இன்னும் குடைந்தது.

கார் நன்றாக விற்றது. நிதானம் இப்போது புதியவர்களுக்குப் பாடம் எடுக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. கணவன் பிரேக் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டான். "ஒரே வண்டிய நாம ரெண்டு பேரும் தொட வேண்டாம்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டில் எதைக் கேட்டாலும், "உனக்குப் பிடிச்சா சரி" என்பான். புது ஜன்னல் திரையை மாட்டிய அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, ஒரு குறையாவது சொல்லுங்களேன்."

அவன் நிமிர்ந்து திரையைப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டான்.